சூத்தைப் பல்லும் சாப்பாட்டுப் பெட்டியும்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கும் ஒரு தாய் கேட்டது இது: "மகள் தரம் 2 படிக்கிறாள். கீழ்க் கொடுப்புப் பல் இரண்டும் சூத்தை. பாடசாலையில், பிஸ்கட் கொடுத்துவிட வேண்டாம், சத்தான சாப்பாடு கொடுங்கள் என்கிறார்கள். நான் விடிய ஐந்தரைக்குக் கார்மென்ட்ஸ் பஸ் பிடிக்கிறவள். என்னதான் கொடுத்துவிடுவது? மாமி, பால்பல்தானே, விழுந்து முளைக்கும், ஏன் அலைகிறாய் என்கிறார். மூத்தவனுக்குப் பல்லில் மண்ணிறக் கறை. சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடவாம். அந்தப் பயத்தில் இப்போது புளோரைட் இல்லாத பற்பசைதான் வாங்குகிறேன். சரிதானே?"

சரியில்லை, தங்கச்சி. அந்தப் பற்பசையை மட்டும் நாளைக்கே மாற்றிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் சாப்பாட்டுப் பெட்டிக்கு வருவோம்.

வன்னியில் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளின் வாய்க்குள் பார்த்தவள் நான். தாய்மார் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "என்ன சாப்பிடக் கூடாது மிஸ்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: "ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிடுகிறாள்?"

பல்லில் எப்போதும் ஒரு மெல்லிய படலம் இருக்கும். விடிய எழும்பியதும் நாக்கால் தடவினால் வழுவழுப்பாகத் தெரிவது அதுதான். அதற்குள் இருக்கும் கிருமிகளுக்குச் சீனியும் மாவும் தீனி. தின்ற சில நிமிடங்களிலேயே அவை அமிலம் விடும். அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (எண் இறங்க இறங்க அமிலம் கூடும்) வாயில் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து கல்சியம் கரைந்து போகத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திருப்பி ஒட்டிவிடும். அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும், சில வேளை ஒரு மணி நேரமும் ஆகும். அதற்குள் இன்னொரு பிஸ்கட் வாய்க்குள் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

உங்கள் மகளின் ஒரு நாளை நான் ஊகித்துச் சொல்லட்டுமா? விடிய சீனி போட்ட பால்தேத்தண்ணீர். பாடசாலைக்குப் போகும் வழியில், நேரம் போய்விட்டது என்று கையில் இரண்டு பிஸ்கட். இடைவேளையில் மிச்சப் பக்கெட். பாடசாலை விட்டதும் வாசல் கடையில் ஒரு டொபி அல்லது ஐஸ் பக்கெட். பின்னேரம் மாமி ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணீர், கூடவே பணிஸ். ரியூசனுக்குப் போகும்போது ஏதாவது. இரவு படுக்கும் முன் ஒரு கப் மோல்ட் பால். ஏழு தரம். அந்தப் பல்லுக்கு ஆறி எழும்ப நேரம் எங்கே? இதே ஏழையும் பிள்ளை மூன்று தரத்தில் சாப்பிட்டு முடித்திருந்தால், சீனியின் அளவு மாறாவிட்டாலும் பல்லுக்கு அடி குறைந்திருக்கும்.

ஆகவே இடைவேளைச் சாப்பாடு ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்ற ஆறையும் அப்படியே விட்டால் பெரிய பிரயோசனம் இல்லை. பாடசாலை சொல்வது சரிதான், ஆனால் அது பாதிக் கதை.

இனிப் பிஸ்கட். டொபி கூடாது என்று எல்லாத் தாய்க்கும் தெரியும். பிஸ்கட்டை யாரும் இனிப்பாக நினைப்பதில்லை, அங்கேதான் பிழை விடுகிறோம். வாய்க்குள் போட்டதும் அது பசையாகி, கொடுப்புப் பல்லின் பள்ளங்களுக்குள் போய் அப்பிக்கொள்ளும். டொபியாவது கரைந்து போகும், இது அரை மணி நேரம் கழித்து விரலால் சுரண்டினாலும் வரும். சீனியே தெரியாத கிரக்கர் வகையும் இதற்கு விலக்கில்லை. எச்சிலில் உள்ள நொதியம் அந்த மாவை வாய்க்குள்ளேயே சீனியாக்கிவிடும். இப்படிச் சொல்வதால் வீட்டில் பிஸ்கட்டே இருக்கக்கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பல வீடுகளில் பிள்ளையின் கையில் கொடுக்கக் கிடைத்தது ஒரு பிஸ்கட் பக்கெட்தான். அந்தப் பழக்கம் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கூடவே வந்துவிட்டது, அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சோற்றோடு, வீட்டில், ஒரு நேரம் என்று இருக்கட்டும். பாடசாலைப் பையிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "என்ரை பிள்ளை கடலை தின்னாது, பிஸ்கட்தான் கேட்கும்" என்று சொல்லும் தாய்மார் பலரைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து பார்த்தால் கொடுப்புப் பல்லில் ஓட்டை. கடலை கடித்தால் நோகும், அதனால் பிள்ளை மெதுவானதையே கேட்கும். மெதுவானது பல்லில் ஒட்டி ஓட்டையை இன்னும் பெருப்பிக்கும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, ஒரு பக்கத்தால் மட்டும் சப்பும். உங்கள் மகள் எந்தப் பக்கத்தால் சாப்பிடுகிறாள் என்று இன்றிரவு பாருங்கள்.

சரி, என்ன கொடுத்துவிடுவது? ஐந்தரை மணி பஸ் பிடிக்கிறவரிடம் விதவிதமாகச் சமைக்கச் சொல்வது அநியாயம். நம் பக்கத்தில் கிடைக்கும் சாமான் பாதி வேலையை ஏற்கனவே முடித்து வைத்திருக்கிறது.

நிலக்கடலை, அதாவது நம் கச்சானில் தொடங்குவோம். முல்லைத்தீவு மணலில் விளையும் கச்சானுக்கு வற்றாப்பளைப் பொங்கலில் எத்தனை கடை போடுகிறார்கள்! கோயிலால் வரும்போது ஒரு பை வாங்கி வராத வீடு ஏது? அதையே பிள்ளையின் பெட்டிக்குள் வைக்க ஏனோ மனம் வருவதில்லை. கச்சானில் சீனி மிகக் குறைவு, புரதமும் கொழுப்பும் இருக்கிறது, சப்பச் சப்ப எச்சில் ஊறும். எச்சிலைவிடப் பல்லுக்கு நல்ல மருந்து கிடையாது. வறுத்தோ அவித்தோ ஒரு பிடி போதும், சீனிப்பாகு பூசினது வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் கொடுக்காதீர்கள், புரைக்கேறி மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை உண்டா என்று ரீச்சரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டால் நல்லது.

கடலை, கௌபி, பயறு. இரவு படுக்கும் முன் ஒரு கைப்பிடி ஊறப்போட்டால் விடிய அடுப்பில் வைத்துவிட்டுத் தலை சீவி முடிக்க அவிந்துவிடும். கடலை மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும், அதை முதல்நாள் இரவே அவித்து வைத்து விடிய ஒரு சூடு காட்டுங்கள். உப்பு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளித்தால் போதும். தேங்காயைத் துருவிப் போடாமல் சொட்டாக வெட்டிப் போடுங்கள். நம் வெயிலுக்கு, துருவின பச்சைத் தேங்காய் இடைவேளைக்குள் புளித்த மணம் காட்டிவிடும், பிள்ளை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவாள். சொட்டு தாங்கும், கடிக்கவும் நல்லது.

அவித்த முட்டை மிக நல்ல சாமான், ஆனால் பக்கத்துப் பிள்ளை "மணக்குது" என்று ஒரு தரம் சொன்னால் உங்கள் மகள் அதற்குப் பிறகு கொண்டுபோக மாட்டாள். வீட்டில் கொடுங்கள்.

மாரி முடிந்து தை, மாசியில் பனங்கிழங்கு வரும். அவித்து, நார் உரித்து, துண்டு போட்டு வைத்துவிடலாம். அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் வருடம் முழுக்கக் கிடக்கும். அதன் ஒரு துண்டை ஒரு பிள்ளை இடைவேளை முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கலாம். மாச்சத்துத்தான் என்றாலும் பிஸ்கட் போலப் பசையாகிப் பள்ளத்துக்குள் அப்பாது. சோளப் பொத்தி கிடைக்கும் நாளில் அவித்துப் பாதியாக முறித்துக் கொடுங்கள். முன்பல் ஆடிக்கொண்டிருக்கும் வயது என்பதால், மணியை உதிர்த்துப் போட்டால் அவளுக்கு லேசு. இதற்கெல்லாம் நேரமில்லாத நாளில் ஒரு கொய்யா, ஒரு கரட், வெள்ளரிக்காய்த் துண்டு. முதல்நாள் இரவுப் பிட்டோ ரொட்டியோ மிஞ்சியிருந்தால் அதுவும் சரி. உழுந்து வடை கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டாலும் பல்லைப் பொறுத்தவரை கிரீம் பிஸ்கட்டைவிட மேல். எண்ணெய் பற்றிய பேச்சை இன்னொரு நாளைக்கு வைப்போம்.

பழத்தில் இனிப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். முழுப் பழத்தில் இருக்கும் சீனி பல்லுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, நாரும் தண்ணீரும் சேர்ந்து வருகிறது. வாழைப்பழம், பப்பாசி, வத்தகப்பழம் எதுவும் பயமில்லை. பாலைப்பழக் காலத்தில் வன்னிப் பிள்ளையிடம் பாலைப்பழம் தின்னாதே என்று சொல்லக்கூடியவர் யாரும் இன்னும் பிறக்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. தின்றுவிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், அந்தப் பால் உதட்டிலும் பல்லிலும் ஒட்டும். பழத்தைப் பிழிந்து சீனி போட்டு ஜூஸ் ஆக்கினால்தான் கதை மாறுகிறது.

"சத்தானது" என்று பெயர் வாங்கிய சிலவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதில் தடுக்கி விழுந்தேன். என் மகன் கைப்பிள்ளையாக இருந்தபோது, நான் வேலைக்குப் போன பிறகு, அழுகையை நிறுத்த அம்மம்மா சூப்பியைத் தேனில் தோய்த்து வாயில் வைத்திருக்கிறார். காட்டுத் தேன், சுத்தமான தேன். இரண்டரை வயதில் மேல் முன்பல் நான்கும் மண்ணிறமாகித் தேய்ந்து போயின. ஊர்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிறவளின் வீட்டில்! தேனும் பனங்கட்டியும் பேரீச்சம்பழமும் உடம்புக்கு என்னென்ன நல்லது செய்தாலும், பல்லில் இருக்கும் கிருமிக்கு அவை வெறும் சீனிதான். ஒரு வயதுக்குக் கீழே தேன் கொடுக்கவே கூடாது, அது வேறு ஆபத்து. எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், மோதகம் எல்லாம் செய்யுங்கள், கொடுங்கள். மத்தியானச் சோற்றுக்குப் பின்னால் கையோடு கொடுத்து முடியுங்கள். சோறு சப்பியதில் எச்சில் நன்றாக ஊறியிருக்கும் நேரம் அது. மேசையில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளை போகவர ஒன்றொன்றாக எடுத்துத் தின்பதுதான் பல்லைத் தின்னும்.

குடிவகையில் ஒரே விடை: தண்ணீர்ப் போத்தல். இலங்கையில் 2016 முதல் போத்தலிலும் பக்கெட்டிலும் வரும் இனிப்புப் பானங்களில் சீனிக்கு நிற அடையாளம் போட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். சிவப்பு இல்லாததைப் பார்த்து வாங்குகிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்றாலும் செம்மஞ்சள்தான். 200 மில்லிலீற்றர் பக்கெட் ஒன்றில் 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி சீனி. சாப்பாட்டில் சேர்க்கும் சீனியிலிருந்து வரும் சக்தி நாளின் மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குள், முடிந்தால் 5 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த 5 வீதம் ஏறத்தாழ 19 கிராம். ஒரு பக்கெட்டோடு நாள் முடிந்தது.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. ஆனால் சுற்றறிக்கை படலையோடு நின்றுவிடும், படலைக்கு வெளியே கடை. அதைப் பிள்ளையிடம் தடுக்கும் ஒரே வழி, கையில் காசு கொடுத்துவிடாமல் இருப்பதுதான். கல்நெஞ்சக்காரி என்று என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது மாமிக்கு வருவோம். மாமி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, முன்பல் ஆறேழு வயதில் விழுந்து முளைத்துவிடும். பின்னாலே இருக்கும் பால் கொடுப்புப் பற்கள் அப்படியில்லை, அவை பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. மகளுக்கு இப்போது ஏழு. இன்னும் மூன்று முதல் ஐந்து வருடம் அந்தப் பல்லால்தான் அவள் சாப்பிட வேண்டும். சூத்தை ஆழமாகப் போனால் முரசில் கொப்புளம் கிளம்பும், சீழ் பிடிக்கும், நித்திரை போகும், பாடசாலையும் போகும். நேரத்துக்கு முன்னமே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குள் சரிந்து வரும், அடியில் காத்திருக்கும் புதுப்பல் வழியில்லாமல் கோணி முளைக்கும்.

மாமிக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு, பல படித்த தாய்மாருக்கும் அது தெரியாது. ஆறு வயதளவில் பால் கொடுப்புப் பல்லுக்கும் பின்னால் ஒரு புதுக் கொடுப்புப் பல் முளைக்கும். அது முளைக்க எந்தப் பல்லும் விழுவதில்லை, அதனால் யாரும் கவனிப்பதில்லை. பால்பல் என்றே நினைத்துவிடுவார்கள். அது நிலையான பல், போனால் போனதுதான். மகளின் வாயைத் திறந்து, போன் லைற்றை அடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போங்கள். ஆறாவதாக ஒன்று நின்றால் அதுதான். அதன் மேற்பரப்பில் பள்ளம் அதிகம், முளைத்த முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் சூத்தை பிடிப்பதும் அதிகம். சூத்தை பிடிக்கும் முன் அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். ஊசியும் இல்லை, நோவும் இல்லை. சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள்.

புளோரைட் விஷயம். மூத்தவனின் கறை சூத்தை இல்லை. பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில் குடித்த தண்ணீரால் வந்தது. வவுனியாப் பக்கம் தொடங்கி அநுராதபுரம் வரை பல கிணறுகளில் பாறையிலிருந்து கரைந்த புளோரைட் கூடவாக இருக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, நம்மைப் போல வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு அதுவே அதிகம். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரில் அது பெரும்பாலும் போய்விடும்.

நீங்களும் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறியிருந்தால் மகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தண்ணீரில் புளோரைட் இல்லை. பற்பசையிலும் இல்லாததாகப் பார்த்து வாங்குகிறீர்கள். நாளைக்கு ஏழு தரம் அமிலம். அண்ணனுக்குக் கறை வந்தது விழுங்கிய புளோரைட்டால். பல்லின் மேலே பூசித் துப்பும் புளோரைட் வேறு கதை, கரைந்த எனாமலைத் திருப்பி இறுக்குவது அதுதான். பற்பசைக் குழாயின் பின்பக்கத்தைப் படித்து, 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் புளோரைட் உள்ளதாக வாங்குங்கள். படம் போட்ட சிறுவர் பற்பசை சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும். மூன்று வயதுக்குக் கீழே அரிசிமணி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணிக் கடலை அளவு. பிரஷ் நீளத்துக்குப் பாம்பு போல வைப்பது விளம்பரத்துக்கு.

இரவு மினுக்குவதுதான் முக்கியம், ஏனென்றால் நித்திரையில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். மோல்ட் பாலைக் குடித்து முடித்துவிட்டு மினுக்கட்டும், பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றும் வேண்டாம். நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பூசிய புளோரைட்டும் அதோடு போய்விடும். ஏழு வயதுப் பிள்ளையின் கை கொடுப்புப் பல்லின் பின்பக்கம் வரை போகாது. அவள் மினுக்கிய பிறகு நீங்கள் ஒரு தரம் மினுக்கிவிடுங்கள். வேலையால் களைத்து வருகிறீர்கள், தெரியும். இரண்டு நிமிடம்தான். விடிய மினுக்கிவிட உங்களுக்கு நேரமில்லாவிட்டால் அந்தப் பொறுப்பை மாமியிடம் கொடுங்கள். பால்பல் கதையையும் இந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் கோபிக்க மாட்டார்.

அந்த இரண்டு சூத்தையையும் சாப்பாடு மாற்றிச் சுகப்படுத்த முடியாது, ஓட்டை விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலும் அரச வைத்தியசாலையிலும் இதற்குக் காசு இல்லை. நோவு வரும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல், அடுத்து உங்களுக்கு லீவு கிடைக்கும் நாளில் கூட்டிப் போங்கள். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ லீவையும் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள். கூடவே மூத்தவனையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பன்னிரண்டு வயதளவில் இரண்டாவது நிலையான கொடுப்புப் பல் முளைக்கும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல்தான் வரும்.